பி பாசிட்டிவுக்கு பி பாசிட்டிவ்தானே?

“ஏங்க சார், போன தடவ ஏத்துனதும் பி பாசிட்டிவ், இந்தத் தடவயும் பி பாசிட்டிவ். அப்புறம் எப்படிங்க சேராமப் போகும்?”

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து, தலசீமியா என்ற பிறவி ரத்தச்சோகை உள்ள ஏழு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, காலை பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்திருந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மணி மூன்றாகிவிட்டது. குழந்தை பெஞ்சிலேயே தூங்கிவிட்டது. மூன்று பை ரத்தம் பொருத்திப் பார்த்தாயிற்று, மூன்றும் சேரவில்லை. “மிஷின் கோளாறா இருக்கும்மா” என்று வரிசையில் நின்ற ஒருவர் ஆறுதல் வேறு சொன்னார்.

மிஷின் நன்றாகத்தான் இருந்தது. நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு அவசரத்தில் பாதிதான் சொன்னேன். அதே கேள்வியை நன்றாகப் படித்தவர்களும் கேட்கிறார்கள். இப்போது ‘மாலிக்யூலர் டெஸ்ட்’ என்ற சொல்லும் ஊரில் புழங்க ஆரம்பித்துவிட்டது. அது நோயில்லாத சுத்த ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் என்று சிலர் நினைக்கிறார்கள், தலசீமியாவையே குணப்படுத்தும் என்று சிலர். இரண்டும் இல்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒரே டச், வேறு கொலுசு

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கியவர்களுக்கு ‘டச்’ தெரியும். வெள்ளியின் தரத்தைச் சொல்லும் கணக்கு அது. ஒரே டச் உள்ள இரண்டு கொலுசைத் தட்டில் வைத்தால் தரம் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் முத்து தொங்கும், இன்னொன்றில் தொங்காது. கொக்கி வேறு, கண்ணி வேறு. டச் ஒன்று என்பதற்காக அவற்றை ஜோடி என்று யாரும் வாங்கமாட்டார்கள்.

ரத்த குரூப்பும் அப்படித்தான். சிவப்பணுவின் மேற்பரப்பில் புரதத்தாலும் சர்க்கரையாலும் ஆன சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆன்டிஜென் என்று பெயர். கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-இல் வெளியிட்ட ஏ, பி, ஓ வகைகள் நாம் முதலில் அறிந்த அடையாளங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்லும் ஆர்ஹெச் 1940-இல் வந்தது. பி பாசிட்டிவ் என்றால் பி உண்டு, ஏ இல்லை, ஆர்ஹெச்சில் டி என்ற அடையாளம் உண்டு என்று அர்த்தம். மொத்தமே மூன்று அடையாளங்களைப் பற்றிய செய்தி.

சிவப்பணுவில் இதுவரை கண்டுபிடித்த ஆன்டிஜென்கள் 300-க்கும் மேல். அவற்றை 40-க்கும் மேற்பட்ட குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், ரத்தம் ஏற்றும்போது அடிக்கடி தலைவலி கொடுப்பவை பத்துப் பதினைந்துதான். ஆர்ஹெச்சிலேயே டி தவிர பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ என்று நான்கு. அப்புறம் கெல், டஃபி, கிட், எம்என்எஸ் என்ற குடும்பங்கள். டஃபி என்பது ஒரு நோயாளியின் பெயர். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்காகப் பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டவர் அவர். 1950-இல் அவர் உடம்பில்தான் அந்த வகை முதலில் பிடிபட்டது. திரும்பத் திரும்ப ஏற்றினால்தான் இந்த மறைந்திருக்கும் அடையாளங்கள் தொல்லை செய்யும் என்பதற்கு அவரே முதல் சாட்சிகளில் ஒருவர்.

தலசீமியாக் குழந்தையின் கணக்கு

ஹீமோகுளோபின் என்பது ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம். ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு சேர்ந்தது அது. பீட்டா சங்கிலிக்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்துவிட்டால் குழந்தைக்குக் கடுமையான பீட்டா தலசீமியா. உருவாகும் சிவப்பணுக்களில் பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜையிலேயே அழிந்துபோகும். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதன் பிறகு இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குழந்தை வெளுத்திருக்கிறது என்று முருங்கைக்கீரைச் சாறு, பேரீச்சம்பழம், கடையில் கிடைக்கும் இரும்புச்சத்து டானிக் என்று சொந்தக்காரர்கள் வாங்கி வருவார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சோகை இரும்பு இல்லாததால் வந்தது இல்லை. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்றத்தான் தினமும் மாத்திரை கொடுக்கிறோம். டானிக் வாங்கும் காசில் அந்த மாத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று வாரத்துக்கு ஒரு பை என்றால் வருடத்துக்கு 17 பை. பத்து வருடத்தில் 170. அதாவது கிட்டத்தட்ட 170 அந்நியர்களின் சிவப்பணுக்கள். விபத்தில் சிக்கி வாழ்நாளில் ஒரே தடவை இரண்டு பை ஏற்றிக்கொள்பவருக்கு ஏ, பி, டி பார்த்தால் பெரும்பாலும் போதும். இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு பையும் ஒரு புதுச் சந்திப்பு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நாம் சொல்லும் குரூப் மூன்று அடையாளங்களைப் பற்றியது, மற்றவை பையோடு பார்க்கப்படாமலே உள்ளே போகின்றன, தலசீமியாவில் அது நூறு தடவைக்கு மேல் நடக்கிறது.

உடம்பு எழுதும் மொய் நோட்டு

நம் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மொய் நோட்டைப் பத்திரமாக எடுத்துவைப்பார்கள். யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டுவார்கள். நோய் எதிர்ப்பு மண்டலமும் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. வித்தியாசம், அதில் எழுதப்படுவது பகை.

தனக்கு இல்லாத ஓர் அடையாளத்தோடு சிவப்பணு உள்ளே வந்தால், உடம்பு அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த அடையாளத்தில் போய் ஒட்டும் ஒரு புரதத்தைச் செய்யலாம். அதுதான் ஆன்டிபாடி. ஆன்டிபாடி ஒட்டிய சிவப்பணுவை உடம்பு அழித்துவிடும். எல்லோருடைய உடம்பும் இப்படி எழுதுவதில்லை. நூறு பை ஏற்றியும் ஒரு ஆன்டிபாடிகூட வராத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது பையிலேயே இரண்டு வந்தவர்களும் உண்டு.

ஏ, பி விஷயம் வேறு. பி ரத்தக்காரருக்கு ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடி குழந்தைப் பருவத்திலேயே தானாக வந்துவிடும். மற்ற அடையாளங்களுக்கு எதிராக வர வேண்டும் என்றால் பெரும்பாலும் முன்னால் ஒரு சந்திப்பு நடந்திருக்க வேண்டும். ஒன்று ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது கர்ப்பம்.

இதில் கிட் குடும்பத்து ஆன்டிபாடிகள் படு கள்ளம். கொஞ்ச நாள் ரத்தத்தில் இருக்கும், அப்புறம் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். நோட்டு தொலைந்துபோகவில்லை, பரண்மேல் கிடக்கிறது. நாங்கள் மேஜையில் தேடுகிறோம், காணோம், ‘ஆன்டிபாடி இல்லை’ என்று எழுதுகிறோம். பை ஏறுகிறது. அதே அடையாளத்தைக் கண்டதும் உடம்பு பரணிலிருந்து நோட்டை இறக்குகிறது. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஏற்றிய ரத்தம் முழுக்க உடைந்துபோகலாம். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், ஏற்றிய ஹீமோகுளோபின் இறங்கிவிடும்.

அந்தக் குழந்தைக்கும் அதுதான் நடந்திருந்தது. முந்தின மாதம் வேறோர் இடத்தில் ரத்தம் ஏற்றிய ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகியிருக்கிறது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் தானாக இறங்கியதும் கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்தது. ஏற்றிய ரத்தம் வீணானது யாருக்கும் தெரியவில்லை.

கிராஸ்மேட்ச் பார்த்தால் போதாதா?

கிராஸ்மேட்ச் என்பது பையில் உள்ள சிவப்பணுவையும் நோயாளியின் ரத்த நீரையும் வெளியிலேயே கலந்து, கட்டிப்படுகிறதா என்று பார்ப்பது. அவசியமான சோதனை, அதை விட்டுவிட முடியாது. ஆனால் இப்போது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடியை மட்டும்தான் அதற்குத் தெரியும். பரண்மேல் கிடப்பது தெரியாது. இந்தப் பையால் நாளைக்குப் புதிதாக ஒன்று எழுதப்படுமா என்பதும் தெரியாது.

ஆகவே நல்ல வழி, குழந்தைக்கு எந்தெந்த அடையாளம் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவை இல்லாத பையாகப் பார்த்து ஏற்றுவது. தலசீமியா சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல்களும் முதல் பைக்கு முன்பே விரிவாகக் குரூப் பார்த்துவிடுங்கள், குறைந்தது ஆர்ஹெச் அடையாளங்களையும் கெல்லையும் பொருத்துங்கள் என்கின்றன. முதல் பைக்கு முன் என்றால் வேலை சுலபம். ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு மருந்துத் துளி விட்டு, கட்டிப்படுகிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஆனால் எங்களிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஐம்பது அறுபது பை தாண்டியவர்கள்.

ஜெல் கார்டில் கோடும் பொட்டும்

ஐம்பது பை தாண்டியவருக்கு அந்தச் சோதனை ஏன் குழம்புகிறது என்பதை ஆய்வகத்துக்குள் வந்து பார்த்தால்தான் புரியும்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் விரல் நகத்தைவிடக் குறுகலாக ஆறு குழாய்கள், உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி ஆறினாற்போல ஜெல். மேலே சிவப்பணுவை விட்டு மிஷினில் சுற்ற வேண்டும். அடையாளம் இருந்தால் அணுக்கள் கட்டியாகி ஜெல்லுக்குள் இறங்க முடியாமல் மேலேயே சிவப்புக் கோடாக நிற்கும். அடையாளம் இல்லாவிட்டால் தனித்தனியாக நழுவிக் கீழே பொட்டு மாதிரி உட்காரும். மேலே கோடா, கீழே பொட்டா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

அந்தக் குழந்தையின் அட்டையைத் தூக்கிப் பிடித்தால், பெரிய இ-க்கான குழாயில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு பொட்டு. உண்டு என்பதா, இல்லை என்பதா? இரண்டும்தான். மேலே நிற்பது யாரோ கொடுத்த ரத்தமாக இருக்கலாம், கீழே உட்கார்ந்தது குழந்தையுடையதாக இருக்கலாம். தலைகீழாகவும் இருக்கலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று மாதம் ரத்தமே ஏற்றாமல் காத்திருந்தால் அந்நிய அணுக்கள் பெரும்பாலும் போய்விடும், தெளிவாகத் தெரியும். தலசீமியாவில் யார் மூன்று மாதம் காத்திருப்பது?

கொலுசுக் கதைக்குத் திரும்பினால், பத்துப் பட்டறைக் கொலுசும் ஒரே கூடையில் கொட்டிக் கிடக்கிறது. அதைக் கிளறி “இந்தப் பட்டறைக்காரர் எந்த டிசைன் செய்பவர்?” என்று கேட்டால் என்ன சொல்வது?

கூடையை விட்டுவிட்டு அச்சைப் பார்ப்பது

அவர் பட்டறைக்கே போய் மேஜை டிராயரைத் திறந்து அச்சைப் பார்த்துவிட்டால் முடிந்தது. எந்த அச்சு இருக்கிறதோ அந்த டிசைன்தான் அவருடையது. ரத்தத்தை மூலக்கூறு முறையில் வகைப்படுத்துவது, அதாவது மாலிக்யூலர் முறை, இதுதான். சிவப்பணுவின் மேல் உள்ள அடையாளத்தைப் பார்க்காமல், அந்த அடையாளத்தைச் செய்யச் சொல்லும் டிஎன்ஏவைப் படிப்பது.

“ரத்தம்தான் கலந்துகிடக்கிறதே, டிஎன்ஏவும் கலந்துதானே இருக்கும்?” என்று எங்கள் பயிற்சி மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, ஆகவே அதில் படிக்கத்தக்க டிஎன்ஏ இல்லை. டிஎன்ஏ வெள்ளையணுவில் இருக்கிறது. தானம் கொடுத்தவரின் வெள்ளையணுக்கள் நோயாளி உடம்பில் அதிக நாள் தங்குவதில்லை. அதிலும் தலசீமியாப் பிள்ளைகளுக்கு வெள்ளையணுவை வடிகட்டிய ரத்தம்தான் கொடுக்க வேண்டும். எனவே ரத்த மாதிரியில் இருக்கும் வெள்ளையணு ஏறக்குறைய எல்லாமே குழந்தையுடையது. நேற்று ரத்தம் ஏற்றியிருந்தாலும் பரவாயில்லை.

ஊதா மூடிக் குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளையணுவிலிருந்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். அப்புறம் பிசிஆர். கொரோனாவில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனைக்கும் இதுவே அடிப்படை. டிஎன்ஏவில் வேண்டிய துண்டை மட்டும் நகலெடுக்கும் முறை அது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும், 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும்.

எதை நகலெடுக்கிறார்கள்? பல ஆன்டிஜென்களில் ஒரு வகைக்கும் அதன் ஜோடி வகைக்கும் வித்தியாசம் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து. தமிழில் ‘மலை’யில் ஓர் எழுத்து மாறினால் ‘மழை’ ஆகிறதல்லவா, அந்த மாதிரி. கிட் மரபணுவில் 838-ஆம் எழுத்து ஜி என்றால் கிட் ஏ, அதுவே ஏ என்ற எழுத்தாக இருந்தால் கிட் பி. டஃபியில் 125-ஆம் எழுத்து. ‘மலை’யோடு மட்டும் ஒட்டும் ஒரு துண்டு, ‘மழை’யோடு மட்டும் ஒட்டும் ஒரு துண்டு என்று செயற்கையாகச் செய்துவைத்திருப்பார்கள். எந்தத் துண்டு ஒட்டி நகல் பெருகுகிறதோ அந்த எழுத்து இருக்கிறது. இரண்டும் பெருகினால் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து இன்னொன்று.

சுருக்கமாக: ஜெல் கார்டு கூடையைப் பார்க்கிறது, டிஎன்ஏ சோதனை அச்சைப் பார்க்கிறது. கூடை மாதாமாதம் மாறும், அச்சு மாறாது. ஒருமுறை செய்தால் போதும்.

இதனால் ஆகாதவை

அச்சு இருந்தும் அடிக்காத பட்டறை உண்டு. டஃபி பி-க்கான எழுத்து டிஎன்ஏவில் சரியாக இருந்தும், சிவப்பணுவில் அதை எழுப்பும் சுவிட்ச் பழுதாக இருந்தால் அடையாளம் வெளியே தெரியாது. ஆப்பிரிக்காவில் இது சகஜம். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி பெரும்பாலும் டஃபி வழியாகத்தான் சிவப்பணுவுக்குள் நுழையும் என்பதால் அங்கே அது காப்பாகவும் இருக்கிறது. ஆகவே டிஎன்ஏ அறிக்கை சொல்வது கணிப்பு, பெரும்பாலும் சரியான கணிப்பு. ஏ, பி, டி மூன்றையும் இன்றும் பழைய முறையில்தான் பார்க்கிறோம், கிராஸ்மேட்சும் ஒவ்வொரு பைக்கும் உண்டு.

எலும்பு மஜ்ஜை மாற்றியவர் என்றால் ரத்தத்தில் இருப்பது மஜ்ஜை கொடுத்தவரின் டிஎன்ஏ. அதை ஆய்வகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம் ‘நாட்’ டெஸ்ட். அதுவும் டிஎன்ஏ, ஆர்என்ஏ பார்ப்பதால் மாலிக்யூலர்தான். ஆனால் அது தானமாக வந்த பையில் எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் இருக்கின்றனவா என்று தேடுவது. “நாட் பார்த்த ரத்தம்தானே, பொருந்தும்” என்று ஒருவர் வாதாடினார். அது வேறு பூட்டு, இது வேறு பூட்டு.

“அப்பா ரத்தமே கொடுத்துடலாமே சார்” என்பதும் வரும். வேண்டாம். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் அபூர்வமான, ஆனால் உயிருக்கே ஆபத்தான ஒரு கோளாறு இருக்கிறது. கதிர்வீச்சில் வைக்காமல் அதை ஏற்றக் கூடாது. பின்னால் அண்ணன் தம்பியிடம் மஜ்ஜை வாங்கும் யோசனை இருந்தால், குடும்பத்து ரத்தம் அதையும் கெடுக்கலாம்.

பையைத் தேடுவது

குழந்தையின் மாதிரியை வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதற்குள் எங்கள் பக்கச் சோதனையில் கிட் பி-க்கு எதிரான ஆன்டிபாடி தெளிவாகத் தெரிந்தது, பெரிய இ-க்கு எதிராகவும் ஒன்று என்று சந்தேகம். அன்றைக்குக் கையில் இருந்த பி பாசிட்டிவ் பைகளில் இவை இரண்டும் இல்லாததைத் தேடினோம். நம் நாட்டில் பெரிய இ ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்டு, அதனால் அது பெரிய தொல்லை இல்லை. கிட் பி இல்லாதவர் பத்துக்கு மூன்று பேர்தான். இரண்டையும் சேர்த்தால் நான்கு பைக்கு ஒன்று தேறும். எங்கள் அதிர்ஷ்டம், எட்டாவது பைதான் சேர்ந்தது. மணி ஆறரை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் அம்மாவும் பிள்ளையும் அன்று வார்டிலேயே தங்கினார்கள்.

பத்து நாளில் டிஎன்ஏ முடிவு வந்தது. கிட் ஏ உண்டு, கிட் பி இல்லை. பெரிய இ இல்லை. சந்தேகப்பட்டது சரி. கெல்லும் இல்லை என்று தெரிந்ததால், இனி கெல் இல்லாத பையாகவும் பார்க்கலாம், மூன்றாவதாக ஒன்று நோட்டில் ஏறாமல் இருக்கும்.

இதற்கு மறுபாதி, தானம் கொடுப்பவர்களையும் இப்படி வகைப்படுத்தி வைப்பது. அவர்களுக்கும் ஒருமுறை பார்த்தால் போதும், ஆயுசுக்கும் மாறாது. தொடர்ந்து கொடுப்பவர்கள் ஐம்பது பேரின் விவரம் கையில் இருந்தால், பைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்காமல் போனை எடுக்கலாம். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் முதல் எண் லீ பஜாரில் மண்டி லோடு ஏற்றும் ஒரு தம்பியுடையது. பி பாசிட்டிவ், பெரிய இ இல்லை, கிட் பி இல்லை, கெல் இல்லை. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம், அவர் தேதி தவறுவதில்லை.

தலசீமியாக் குழந்தைக்கு இன்னும் முதல் பை ஏற்றவில்லை என்றால், “முதல்ல முழு குரூப்பும் பார்த்துடுங்க டாக்டர்” என்று கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருந்தால் டிஎன்ஏ முறையில் பார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். முடிவு எழுதிய தாளை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கொண்டுபோங்கள், ஆன்டிபாடி பெயர் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். பரண்மேல் கிடக்கும் நோட்டுக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

அந்த அம்மாவிடம் தாளைக் கொடுத்து, லேமினேஷன் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த மாதம் வந்தபோது ரேஷன் கார்டு வைத்திருந்த அதே பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். “இதுல இருக்கற மாதிரியே பாத்து எடுங்க சார்.” பதினொன்றரைக்குப் பை ஏற ஆரம்பித்தது. மதியப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.